தெளிவாத்தான் இருக்கு சார்

மறுபடியும் சிரிக்கிறார்கள். முகக்கவசம் கட்டிய இடத்தில் சிரிப்பு என்பது கண்ணோரச் சுருக்கமும் குலுங்கும் தோளும்தான், ஆனாலும் யார் எவ்வளவு சிரிக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும், சர்ஜரி படிக்க வந்த இந்த இரண்டு வருடத்தில் வேறு எதைப் படித்தேனோ இல்லையோ இதைப் படித்திருக்கிறேன். மயக்க மருந்து டாக்டர் கமாலுதீன் சிரித்தால் இருமல் மாதிரி இருக்கும். சிஸ்டர் ரோஸ்லின் கத்தரிகளை அடுக்கிக்கொண்டே மூக்கால் சிரிப்பார். எதிர்ப்பக்கம் நிற்கிற ஜூனியர் தேன்மொழி பாவம், என்னைப் பார்க்காமல் சிரிப்பாள், சிரிக்காவிட்டால் அடுத்த அம்பு அவளுக்கு. நான் என்ன செய்துவிட்டேன், கையிலிருக்கும் கேமராவைக் கொஞ்சம் திருப்பினேன், அவ்வளவுதான். "விஞ்ஞானி அம்மா, இது சித்திரைப் பொருட்காட்சி இல்ல, ராட்டினம் சுத்திக் காட்ட. படம் பாக்கறவன் நான். நான் கேட்ட சீனைக் காட்டுங்க போதும்." சீஃப் டாக்டர் ஞானசிகாமணி திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார். கேமராவைப் பழைய இடத்துக்கே திருப்பிவிட்டேன். இதில் எனக்குத் தாங்க முடியாதது அவர் சொன்னதல்ல, என் வாய். முகக்கவசத்துக்கு உள்ளே, யாருமே பார்க்க முடியாத இடத்தில், என் வாயும் சிரிக்கிற மாதிரி இழுத்துக்கொண்டு நிற்கிறது. யாருக்காக? அதை இறக்கிவிட வேண்டும் என்று நினைக்கிறேன், கன்னம் கேட்க மாட்டேன் என்கிறது. அடிபட்ட நாய் அடித்தவனைப் பார்த்து வாலை ஆட்டுமே, அந்த மாதிரி ஒரு சிரிப்பு. அடிவயிற்றிலிருந்து கோபம் ஏறி வருகிறது, ஆனால் கை ஆடக் கூடாது, கை ஆடினால் திரை ஆடும், திரை ஆடினால் அதற்கொரு ஜோக் தயாராக இருக்கும்.

திரையில் மஞ்சளும் சிவப்புமாகப் பூரணத்தம்மாளின் வயிற்றின் உட்பக்கம். சின்னச் சின்னத் துளை போட்டு, காற்றை நிரப்பி வயிற்றை ஊதவைத்து, ஒரு துளை வழியாக நான் கேமராவை நுழைத்துப் பிடித்திருக்கிறேன், மற்றத் துளைகள் வழியாக அவர் வேலை செய்கிறார். பித்தப்பை முழுக்கக் கல். பழைய புண், பலமுறை வீங்கி வீங்கி, சுற்றியிருக்கிற எல்லாவற்றோடும் பசை போட்ட மாதிரி ஒட்டிக்கிடக்கிறது. அந்தப் பையிலிருந்து ஒரு சிறு குழாய் கிளம்பிப் பெரிய குழாயில் போய்ச் சேரும். பெரிய குழாய் கல்லீரலிலிருந்து குடலுக்கு இறங்குவது. சிறியதைக் கிளிப் போட்டு வெட்ட வேண்டும், பெரியதைத் தொடக்கூடாது, இதுதான் இந்த ஆபரேஷனின் முதல் பாடமும் கடைசிப் பாடமும். பெரியதை வெட்டிவிட்டால் பித்தம் வயிற்றுக்குள் கொட்டும், கண் மஞ்சளாகும், மறுபடி வயிற்றைக் கிழிக்க வேண்டும், பெரிய ஊருக்கு அனுப்ப வேண்டும், சிலர் திரும்பி வருவார்கள். தேன்மொழி அந்தப் பையைப் பிடித்து மேலே இழுத்துக்கொண்டிருக்கிறாள், சீஃப் சொன்னபடி, விறைப்பாக. அவர் கீழே ஒரு குழாயைச் சுற்றியிருக்கும் கொழுப்பைச் சுரண்டிச் சுத்தமாக்கிக்கொண்டிருக்கிறார். அழகான கை, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் நான் கேமராவைத் திருப்பியபோது, ராட்டினம் சுற்றியபோது, அந்தக் குழாயை மறுபக்கத்திலிருந்து பார்த்தேன். அது பையை நோக்கி வளையவில்லை. பையின் கழுத்துக்குப் பின்னால் ஒதுங்கி நேராக மேலே, கல்லீரல் பக்கம் போகிறது. கீழே நேராகக் குடலுக்குப் பின்னால் இறங்குகிறது. சிறிய குழாய் இப்படி இவ்வளவு தடியாக இருக்காது. இருக்காதா? வீங்கியிருந்தால் இருக்கலாம். கல் இறங்கியிருந்தால் இருக்கலாம். ஒரு கணம்தான் பார்த்தேன். இந்த ஆள் ஆயிரக்கணக்கில் செய்தவர், நான் கேமரா பிடிப்பவள். பார்த்ததைச் சொல்லலாம். சொன்னால் என்ன சொல்வார் என்று என் தலைக்குள் உடனே அவர் குரலிலேயே ஓட ஆரம்பிக்கிறது, இதுதான் கொடுமை, அவர் வாய் திறக்க வேண்டிய அவசியமே இல்லை, எனக்குள் ஒரு ஞானசிகாமணி நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்.

எப்போது வந்து உட்கார்ந்தார்? சேர்ந்த முதல் வாரம், வார்டு ரவுண்ட்ஸில். ஒரு நோயாளிக்கு ஆபரேஷனுக்குப் பிறகு நீர் வடிய வைத்த குழாயை ஏன் இன்றே எடுக்கிறோம், நாளை எடுத்தால் என்ன என்று கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார், முகத்தில் ஒரு பெரிய மரியாதை வந்தது. "அருமையான கேள்விங்க. இதை நீங்க எல்.கே.ஜி.யில கேட்டிருந்தீங்கன்னா கன்னத்துல ஸ்டார் ஒட்டி அனுப்பியிருப்பாங்க. நாம கொஞ்சம் லேட்." எல்லோரும் சிரித்தார்கள். கட்டிலில் படுத்திருந்தவர் சிரித்தார், அவருக்குச் சிரித்தால் தையல் வலிக்கும், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பதில் மட்டும் வரவில்லை. இன்றைக்கும் வரவில்லை, நானாகப் புத்தகத்தில் தேடித் தெரிந்துகொண்டேன். அன்றிலிருந்து நான் விஞ்ஞானி அம்மா. அவர் சாதாரணமாகப் பேசும்போது நீ, வா, போ. நக்கல் வருகிறபோதுதான் 'ங்க' வரும், 'அம்மா' வரும். தமிழில் மரியாதையை வைத்தே ஒருவரை இவ்வளவு அசிங்கப்படுத்த முடியும் என்று எனக்கு அதுவரை தெரியாது. யாராவது என்னை "சொல்லுங்க" என்றாலே இப்போது முதுகு கூசுகிறது, பேங்கில், பஸ்ஸில், என் தம்பி மனைவி போனில் "சொல்லுங்க அண்ணி" என்றால்கூட. கேள்வி கேட்பதை நிறுத்தினேன். யாரும் கவனிக்கவில்லை. அமைதியான பொண்ணு என்று நல்ல பெயர்கூட வந்தது. நான் அமைதியானவள் இல்லை. கோவில்பட்டியில் எங்கள் தெருவில் தண்ணீர் லாரிக்காரனை நடுரோட்டில் நிறுத்தி வைத்துப் பேசியவள், கல்லூரியில் விடுதிச் சாப்பாட்டுக்காக முதல்வர் அறை வாசலில் உட்கார்ந்தவள். அந்தப் பெண் எங்கே போனாள்? அவளை யார் கொன்றது என்று கேட்டால் கொலை என்று எதையும் காட்ட முடியாது. ஜோக்குகள்தான் இருக்கும். நல்ல ஜோக்குகள்.

கல்லூரியில் ஒரு கூட்டம் போட்டார்களே, மாணவர்களிடம் எப்படி நடந்துகொள்வது என்று. ஒரு மனநல டாக்டர் வந்து மெதுவாக ஏதோ சொன்னார், கிண்டல் செய்யாமல் கற்றுக்கொடுக்க முடியாதா என்று. சீஃப் எழுந்தார். "பிரம்பைப் புடுங்கிட்டீங்க. திட்டினா கம்ப்ளைண்ட்டு. வாத்தியான்கிட்ட மிச்சம் இருக்கறது நாக்கு ஒண்ணுதான். அதையும் வெட்டிட்டீங்கன்னா நாளையிலேருந்து பாடத்தை சைகையில நடத்தறேன்." கூடமே சிரித்தது, அந்த மனநல டாக்டரும் சிரித்தார், விவாதம் அதோடு முடிந்தது. அப்படித்தான் எல்லாமே முடியும். அதற்கு எப்படிப் பதில் சொல்வது? ஜோக்குக்குப் பதில் சொல்கிறவன் ஜோக் புரியாதவன். கோபப்படுகிறவன் தொட்டாச்சிணுங்கி. அடித்தால் தழும்பைக் காட்டலாம், திட்டினால் வார்த்தையைச் சொல்லலாம், நக்கலை வெளியே எடுத்துப்போய் யாரிடமாவது சொன்னால் கேட்கிறவரும் சிரிக்கிறார். அம்மாவிடம் எல்.கே.ஜி. கதையைச் சொன்னேன். அம்மா சிரித்துவிட்டு, "மனுஷன் கலகலப்பானவரா இருக்காரு" என்றாள்.

இளம்பரிதிக்கு என்ன ஆனது? என்னோடு சேர்ந்தவன். என்னைவிட நல்ல கை. முடிச்சுப் போடும்போது அவன் விரல்களைப் பார்த்துக்கொண்டே நிற்கலாம். அவனுக்குப் பேச்சில் திக்கல், அவசரம் வந்தால் கூடும். ஒருநாள் ஆபரேஷன் தியேட்டரில் நோயாளிக்கு ரத்த அழுத்தம் இறங்குவதை அவன்தான் முதலில் பார்த்தான். "சா... சார், பீ... பீ..." சீஃப் நிமிராமல் சொன்னார், "மெதுவா சொல்லுங்க தம்பி. நீங்க சொல்லி முடிக்கறதுக்குள்ள பேஷண்ட் டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கே போயிருவாரு." அன்றைக்கும் இதே கமாலுதீன் இருமினார், பிறகு மானிட்டரைப் பார்த்து அவசரமாக மருந்தை ஏற்றினார். அதற்குப் பிறகு இளம்பரிதி தியேட்டரில் வாயைத் திறந்ததில்லை. வருடம் முடிவதற்குள் விட்டுவிட்டுப் போய்விட்டான், ஏதோ மலையடிவாரத்தில் ஆரம்ப சுகாதார நிலையம். "அவனுக்கு சர்ஜரிக்கான மனசு இல்ல" என்றார்கள். மனசு. நானும் தலையாட்டினேனே. அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு விடுதிப் படி இறங்கினபோது நான் டூட்டியில் இருந்தேன், போய்ப் பார்த்திருக்கலாம், ஐந்து நிமிடம் ஆகியிருக்கும்.

"கொழுப்பு எடுத்தாச்சு. எவ்வளவு சுத்தம் பாருங்க. இதுல இட்லி வெச்சு சாப்பிடலாம்." சீஃப் சந்தோஷமாக இருக்கிறார். குழாய் திரையில் பளபளவென்று தெரிகிறது. தடியாகத்தான் இருக்கிறது. என் மணிக்கட்டு மரத்துவிட்டது, கேமராவின் எடை தோள்வரை ஏறியிருக்கிறது. கிண்டலே கூடாது என்று நான் சொல்லவில்லை, யாரிடம் சொல்கிறேன், உள்ளே உட்கார்ந்திருக்கிறவரிடம் வாதாடிக்கொண்டிருக்கிறேன். ஆவுடை அக்கா கிண்டல் செய்யவில்லையா? டாக்டர் ஆவுடைநாயகி, எனக்கு மூன்று வருடம் சீனியர், பேச ஆரம்பித்தால் திருநெல்வேலிக் குசும்பு முழுக்க இறங்கும். நான் முதன்முதலாகப் போட்ட முடிச்சைத் தூக்கிப் பார்த்து, "ஏட்டி, இது முடிச்சா, இடியாப்பமா? தேங்காப்பால் எங்க?" என்றாள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன், சிரித்து முடிக்கும் முன்னால் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, என் விரலைப் பிடித்து, "இந்தா, இந்த விரலு மொத போகணும்" என்று திரும்பத் திரும்பப் போட வைத்தாள். அந்த இடியாப்பம் ஏன் எனக்கு வலிக்கவில்லை? அதே நக்கல்தானே. அக்கா முடிச்சைச் சொன்னாள். இவர் ஆளைச் சொல்கிறார். அதுவா? இல்லை, அது மட்டும் இல்லை. அக்காவை நான் திருப்பிச் சொல்லலாம். சொன்னேனே, அடுத்த வாரமே அவள் கட்டிய கட்டைப் பார்த்து "அக்கா, கல்யாண வீட்டுத் தலைப்பாகையா?" என்றேன், அவள் என் முதுகில் ஒன்று வைத்துவிட்டுக் கட்டைப் பிரித்தாள். இவரைத் திருப்பிச் சொல்ல முடியுமா? திருப்பிச் சொல்ல முடியாத இடத்தில் இருப்பவரிடம் செய்கிற கிண்டலுக்குக் கிண்டல் என்று பெயரா? என் தேர்வு அவர் கையில். என் கையெழுத்துக்குக் கீழே அவர் கையெழுத்து. நான் சிரிப்பது சிரிப்பே இல்லை, வரி கட்டுவது.

சொல்ல வேண்டும். இப்போதே சொல்ல வேண்டும். ஒருவேளை தப்பாக இருந்தால்? தப்பாக இருந்தால் இருக்கட்டும். இல்லை, தப்பாக இருந்தால் அவ்வளவுதான், மிச்ச வருடம் முழுக்க அதையே சொல்லிக் காட்டுவார், என் பெயர் மாறும், வேறு கல்லூரிக்கெல்லாம் கதை போகும், கேமரா பிடிக்கிற பொண்ணு சீஃபுக்கு வகுப்பு எடுத்த கதை. இப்படி ஒரு மனுஷி வயிற்றில் துளைகளோடு மயங்கிக் கிடக்கும்போது நான் என் பெயரைப் பற்றி யோசிக்கிறேன். பூரணத்தம்மாள் விளாத்திகுளம் பக்கம், சத்துணவு அமைப்பாளர். நேற்று சாயங்காலம் வார்டில் ரத்தம் எடுக்கப் போனபோது என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஆபரேசனு நீதான் பண்ணுவியா தாயி?" இல்லம்மா, பெரிய டாக்டர் பண்ணுவார் என்றேன். "நீ பக்கத்துல நிப்பேல்லா?" நிற்பேன் என்றேன். "அப்பம் சரி. நீ பாத்துக்கிடுவே." என்னைப் பற்றி இவருக்கு என்ன தெரியும், எந்த நம்பிக்கையில் சொன்னார், பக்கத்தில் நிற்பதும் பார்த்துக்கொள்வதும் ஒன்று என்று இவருக்கு யார் சொன்னது? நிற்கிறேன். பார்க்கிறேன். திரை முழுக்கப் பார்க்கிறேன். மற்ற எல்லோரையும்விட நன்றாகப் பார்க்கிறேன், கேமரா என் கையில்தானே இருக்கிறது.

"சார்" என்றேன். சத்தம் வந்துவிட்டது. எல்லோருக்கும் கேட்டது.

"சொல்லுங்க விஞ்ஞானி அம்மா." அவர் கை நின்றது, தலையைக்கூடச் சாய்த்துக் காதைக் காட்டினார். "புதுசா ஏதாவது கண்டுபிடிச்சீங்களா? நாங்கல்லாம் வேணா கொஞ்சம் நகர்ந்துக்கறோம்." இருமல். மூக்குச் சிரிப்பு. தேன்மொழியின் தோள்.

"ஒண்ணுமில்ல சார்."

ஒன்றுமில்லை என்றேன். என் வாய்தான் சொன்னது. இரண்டு வருடமாகப் பழக்கிய வாய், சொடக்குப் போட்டதும் உட்கார்ந்துவிட்டது. காதுக்குள் ரத்தம் இரைகிறது. இந்தக் கோபத்தை நான் எங்கே வைப்பேன், இதோ இந்தத் தியேட்டரில் ஒரு பாத்திரம் நிறைய ஊற்றலாம், அவர் மேல், அந்த இருமல் மேல், இந்தப் பச்சைத் துணிகள் மேல். என் மேல். இல்லை, என் மேல் ஏன்? எப்போதும் கடைசியில் என் மேல் கொண்டுவந்து முடித்துக்கொள்கிறேன், அதுவும் அவர் கற்றுக்கொடுத்ததுதான், எது நடந்தாலும் உனக்குத்தான் போதவில்லை என்பது. சிஸ்டர் ரோஸ்லின் கிளிப் போடும் கருவியை அவர் கையில் வைக்கிறார். "பெரிய சைஸ் குடுங்க சிஸ்டர், குழாய் கொஞ்சம் கொழுகொழுன்னு இருக்கு, வீட்டுல நல்லா சாப்பாடு போல." பெரிய கிளிப். சிறிய குழாய்க்குப் பெரிய கிளிப் ஏன் கேட்கிறோம் என்று அவருக்கே ஒரு கணம் தோன்ற வேண்டாமா? தோன்றியிருக்கலாம், யாராவது கேட்டிருந்தால். இந்த அறையில் யாரும் எதுவும் கேட்பதில்லை. கருவி வயிற்றுக்குள் நுழைகிறது, திரையின் ஓரத்தில் அதன் மூக்கு தெரிகிறது, பளபளவென்று, வாயை இன்னும் திறக்கவில்லை.

நான் கேமராவை வெளியே உருவினேன்.

யோசித்துச் செய்யவில்லை. திரையில் வயிறு மறைந்தது, பச்சைத் துணி வந்தது, பிறகு மேலே எரிகிற விளக்கு, பிறகு யாருடைய கையுறையோ. "கையை அசைக்காதீங்க சார்" என்று யாரோ சொன்னது கேட்டது, நான்தான். பார்வை இல்லாமல் எந்த சர்ஜனும் கருவியை நகர்த்த மாட்டார். அவர் அப்படியே சிலையாக நின்றார்.

"என்ன, மங்கிருச்சா?" என்றார். சாதாரணமாகக் கேட்டார். லென்ஸ் மங்குவது எப்போதும் நடப்பது, வெளியே எடுத்து வெந்நீரில் நனைத்துத் துடைத்து உள்ளே விடுவோம். சிஸ்டர் ரோஸ்லின் துணியை நீட்டவும் செய்தார். ஆமாம் சார் என்று சொல்லிவிடலாம். துடைக்கிற நேரத்தில் அவராகவே யோசிக்கலாம். எல்லோரும் மானத்தோடு வீட்டுக்குப் போகலாம்.

"மங்கல சார். தெளிவாத்தான் இருக்கு. நீங்க கிளிப் போடப் போறது பெரிய குழாய்னு நினைக்கிறேன்."

யாரும் சிரிக்கவில்லை, இன்னும் அவர் முறை வரவில்லையே. அவர் மெதுவாக என் பக்கம் திரும்பினார். கண் மட்டும். "அப்படிங்களா. அப்ப ஒண்ணு பண்ணுவோம். நான் அந்தப் பக்கம் வந்து கேமரா பிடிக்கறேன், நீங்க இந்தப் பக்கம் வந்து ஆபரேஷனை முடிச்சிருங்க. ஏன் கமால், நமக்கும் வயசாச்சு இல்ல?" கமாலுதீன் இருமத் தொடங்கிப் பாதியில் நிறுத்திக்கொண்டார்.  என் கை ஆடவில்லை. "கேமராவை உள்ள விடறேன் சார். தேன்மொழி பையை மேல இழுக்காம வலது பக்கமா, வெளிப்பக்கமா இழுக்கட்டும். நான் பின்பக்கம் திருப்பிக் காட்டறேன். அப்பவும் நீங்க சொல்றதுதான் சரின்னா கிளிப் போடுங்க. அதைப் பார்க்காம போடறதா இருந்தா நான் உள்ள விட மாட்டேன்." விட மாட்டேன் என்று ஒரு பி.ஜி. மாணவி சொல்லி அந்தச் சுவர்கள் கேட்டிருக்காது.  அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார், முகக்கவசம் அசைந்தது. பிறகு கிளிப் கருவியை வெளியே உருவிக்கொண்டு, "விடு" என்றார்.

விட்டேன். தேன்மொழி பையை வெளிப்பக்கமாக இழுத்தாள். நான் திருப்பினேன். நேராகத் தெரிந்த குழாய் அசையாமல் தன் இடத்திலேயே நின்றது, பையின் கழுத்து மட்டும் அதைவிட்டு விலகியது, நடுவே ஒரு சிறிய முக்கோண இடம் திறந்தது, அங்கே குட்டையாக, மெல்லிசாக, பையோடு ஒட்டிக்கொண்டு ஒரு சின்னக் குழாய். புத்தகத்தில் வரைந்த மாதிரி.  சீஃப் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். யாரும் கேட்காமலே சிஸ்டர் ரோஸ்லின் சின்னக் கிளிப்பை எடுத்து வைத்தார். அதற்குப் பிறகு அவர் வேலை செய்ததைப் பார்க்க வேண்டும், ஒரு ஜோக் இல்லை, ஒரு தப்பு அசைவு இல்லை, மில்லிமீட்டர் மில்லிமீட்டராகப் பிரித்து, சின்னக் குழாய்க்குச் சின்னக் கிளிப் போட்டு, பையை முழுசாக வெளியே எடுத்தார். நல்ல சர்ஜன்தான். அது இன்னும் ஆத்திரமாக இருந்தது. பேசாமல் இருந்தால் இவ்வளவு நன்றாகச் செய்கிறவர் ஏன் பேசிக்கொண்டே இருந்தார்? பூரணத்தம்மாள் கண் விழித்து, சுவாசக் குழாய் எடுத்த தொண்டையில் கரகரவென்று ஏதோ கேட்டார். முடிஞ்சிருச்சும்மா என்றேன். தலையை ஆட்டிவிட்டுத் தூங்கிப்போனார்.

டாக்டர்கள் அறையில் டீ வந்திருந்தது. முகக்கவசத்தைக் கழற்றியதும் எல்லோருக்கும் முகம் வந்துவிட்டது, முகம் வந்ததும் பேச்சும் வந்துவிட்டது. சீஃப் சோபாவில் சாய்ந்து உட்கார்ந்தார், நிறம் திரும்பியிருந்தது. வாசலில் நின்ற என்னைக் கைகாட்டி, "கமால், பாத்தீங்களா இவளை? வந்தப்ப வாயில்லாப் பூச்சி. ரெண்டு வருஷம் கிள்ளிக் கிள்ளித்தான் பேச வெச்சிருக்கேன். கொஞ்சிக்கிட்டு இருந்தா சர்ஜன் வர மாட்டான், கொழுக்கட்டைதான் வரும்" என்றார். கமாலுதீன் சிரித்தார், நிம்மதியான சிரிப்பு, நல்லபடியாக முடிந்ததே என்கிற சிரிப்பு. தேன்மொழி என்னைப் பெருமையாகப் பார்த்தாள். பாராட்டுத்தான். இந்த இரண்டு வருடத்தில் அவர் வாயிலிருந்து எனக்கு வந்த முதல் பாராட்டு. அதை வாங்கிக்கொண்டால் போதும், கதை அழகாக முடிந்துவிடும், நாளைக்கு எல்லா வார்டிலும் சொல்வார்கள், சீஃபோட நக்கல்தான் அந்தப் பொண்ணை ஆளாக்கிச்சு. என் கன்னம் இழுத்துக்கொள்ளத் தொடங்கியது. அதை அப்படியே பல்லைக் கடித்து நிறுத்தினேன்.

"இல்ல சார்."

"என்ன இல்ல?"

"நான் அதை முதல்லயே பார்த்துட்டேன். நீங்க ராட்டினம்னு சொன்னீங்கல்ல, அப்பவே. கொழுப்பு எடுத்து முடிக்கற வரைக்கும் எனக்குத் தெரியும்."

"அப்புறம் ஏன் வாயைத் தைச்சுக்கிட்டு நின்ன?"

"நீங்க என்ன சொல்லி எல்லாரையும் சிரிக்க வைப்பீங்கன்னு யோசிச்சிக்கிட்டு நின்னேன் சார். நடுவுல ஒரு தடவை கூப்பிடவும் செஞ்சேன். நீங்க கேட்டதுக்கு ஒண்ணுமில்லன்னு சொன்னேன். நீங்க கிள்ளினதால நான் பேசல. நீங்க கிள்ளினதாலதான் லேட்டாச்சு. கிளிப் உள்ள வந்தாச்சு. இன்னும் ஒரு மூச்சு விட்டிருந்தா அந்தம்மாவுக்குப் பெரிய குழாய் போயிருக்கும்."

டீ டம்ளரில் அவர் விரல்கள் இறுகின. அவருக்குள் ஒரு வாக்கியம் உருவாவது எனக்குத் தெரிந்தது, உதட்டோரம் அந்தப் பக்கம் கோணுவது, கண்ணில் ஒரு சின்ன வெளிச்சம், எனக்கு அந்த முகத்தின் ஒவ்வொரு சுழிவும் மனப்பாடம். கமாலுதீனும் அதற்காகக் காத்திருந்தார். அது வரவில்லை. வந்து, உதட்டுக்குப் பின்னாலேயே நின்று, போய்விட்டது. "அடுத்த கேஸை ஏத்தச் சொல்லுங்க" என்று எழுந்து போனார். கமாலுதீன் தன் டம்ளரைப் பார்த்துக்கொண்டு, "கொஞ்சம் தனியா சொல்லியிருக்கலாம்மா" என்றார். சீஃப் என்றைக்காவது எங்களைத் தனியாகச் சொன்னாரா என்று கேட்டேன்.  தேன்மொழி தன் பிஸ்கட்டைச் சின்னச் சின்னதாக உடைத்துக்கொண்டிருந்தாள்.

கை கழுவும் தொட்டியில் அவர் முழங்கைவரை சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். பக்கத்துக் குழாயில் நான். அடுத்த கேஸுக்கும் நான்தான் கேமரா, வேறு யாரையாவது போடச் சொல்வார் என்று நினைத்தேன், சொல்லவில்லை. கண்ணாடியில்கூட என்னைப் பார்க்காமல், தண்ணீரைப் பார்த்துக்கொண்டு, "இதுக்கு முன்னாடி இந்த மாதிரி... பார்த்துட்டு, சொல்லாம விட்டது உண்டா?" என்றார். நக்கல் இல்லை. குரலில் ஒரு வறட்சி இருந்தது, பயம் என்று நினைக்கிறேன். எனக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும், நல்ல பெண் என்றால் வந்திருக்கும். வரவில்லை. கோபம் அப்படியேதான் இருந்தது, ஆனால் இப்போது அது என் அடிவயிற்றில் இல்லை, காதுக்குள் இல்லை, நேராக நிற்பதற்கு உதவுகிற மாதிரி எங்கோ முதுகில் இருந்தது. அவர் கேட்ட கேள்வியை யோசித்தேன். அது என் ஒருத்தியிடம் கேட்கிற கேள்வி இல்லை.

"என்கிட்ட மட்டும் கேட்டாப் போதாது சார். உள்ள இருக்கற எல்லார்கிட்டயும் கேளுங்க. தேன்மொழிகிட்ட, சிஸ்டர்கிட்ட, கமால் சார்கிட்ட. உடனே யாரும் சொல்ல மாட்டாங்க. கேட்டுட்டு, பதில் வர்ற வரைக்கும் நீங்க எதுவும் சொல்லாம நிக்கணும்."

அவர் முழங்கையால் குழாயை மூடினார். கைகளை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, சொட்டச் சொட்ட, கதவுக்கு இந்தப் பக்கமே நின்றார். உள்ளே அடுத்த நோயாளியை மேசைக்கு மாற்றும் சத்தம் கேட்டது. நான் தேய்த்து முடிக்கும்வரை அவர் உள்ளே போகவில்லை, ஒரு வார்த்தை பேசவும் இல்லை. நானும் அவருக்காக அந்த மௌனத்தை நிரப்பவில்லை.